கம்பியோரம் வந்தது எது?

போன மாதக் கூட்டத்தில் காட்டுப்பன்றி பற்றிப் பேச்சு வந்தது. "நீங்க காட்டோரத்துல இருக்கீங்க, எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு எழுதுங்க" என்றார்கள் இதழ்த் தோழர்கள். செலவுக் கணக்கோடு ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பன்றிக்கு இப்போது நான் செய்கிற வேலைகளுக்கு வந்து சேர்ந்த வழியில் ஒரு ராத்திரி குறுக்கே கிடக்கிறது. அதைச் சொல்லாமல் மீதியை மட்டும் எழுதினால் பொய்க்கணக்கு எழுதின மாதிரி ஆகிவிடும். முப்பத்திநாலு வருஷம் பேங்கில் கணக்கு பார்த்தவனுக்கு அது ஆகாது.

எங்கள் தோட்டம் பவானிசாகருக்கும் பண்ணாரிக்கும் நடுவில், காட்டை ஒட்டி நாலரை ஏக்கர். வடக்கே திம்பம் மலை. முன்பெல்லாம் ராத்திரி தண்ணி கட்டும்போது அண்ணாந்து பார்த்தால் லாரி விளக்குகள் வளைந்து வளைந்து மலை ஏறுவது தெரியும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 2022-ல் உயர் நீதிமன்றம் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை போட்ட பிறகு மலை பெரும்பாலும் இருட்டாகக் கிடக்கிறது. காட்டுக்கு நல்லது. தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் பொழுது போகாது. காட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் பாதை.

2023-ல் ஒரு ஏக்கர் கடலைக்காயில் பதினோரு மூட்டை வந்திருக்க வேண்டும். நாலு வந்தது. மீதியைப் பன்றி தின்றது. தின்றதைவிட உழுதது அதிகம். கொடியைப் புரட்டிப் போட்டு, பிஞ்சை விட்டுவிட்டு, முற்றின காயை மட்டும் எப்படித்தான் பொறுக்குமோ! கூலிக்கு வருகிற ஆளுக்குக்கூட அத்தனை பதமாகக் காய் பார்க்கத் தெரியாது. காலையில் போய் நின்றபோது என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. புரண்டு கிடந்த கொடிகளில் ஒட்டியிருந்த நாலு காயைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த விதைப்பு அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில். தை பிறந்து காய் பிடிக்கும் சமயத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு சுருள் கம்பி வாங்கினேன். வடக்கு, கிழக்கு இரண்டு பக்கமும் கிளுவைக் குச்சிகளை வெட்டி நட்டு, முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி இழுத்துக் கட்டினேன். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் ரூமிலிருந்து நேரடியாகக் கரண்டு கொடுக்கத்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டு, மூணு மணிக்கு நிறுத்திவிடலாம் என்பது என் ஏற்பாடு.

இயற்கை விவசாயம் பேசுகிறவன், இந்த இதழில் மண்புழுவைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதினவன், இதைச் செய்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததையும், இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததையும் எல்லோரையும் போல நானும் செய்தியில் பார்த்து உச்சுக் கொட்டினேன். அதற்கும் முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பயிர்க்கடன் வாங்கியிருந்த ஒருவர் தான் போட்ட கம்பியில் தானே கால் வைத்துப் போய்விட்டார். கணக்கை முடிக்க அவர் மனைவி வந்து எதிரே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் பதினோரு மூட்டையில் ஏழு மூட்டை போனவனுக்கு, தெரிந்தது எல்லாம் அந்தச் சமயத்தில் தூரமாகப் போய்விடுகிறது.

மோட்டார் வேலை பார்க்கிற பையன் ஒருவனுக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். தை அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் சாயங்காலம் வந்து இணைப்புக் கொடுக்கிறேன் என்றான். வரவில்லை. சொந்தத்தில் ஒரு சாவு என்று போன் செய்தான். "நாளைக்கு வந்து மாட்டிர்றனுங் சார்" என்றான். சரி என்றேன்.

அந்த ராத்திரிதான்.

அந்த வாரம் எங்களுக்கு ராத்திரி முறை. பதினோரு மணிக்கு மேல்தான் மும்முனைக் கரண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியும் தலையில் மாட்டுகிற லைட்டும் எடுத்துக்கொண்டு கடலைக்காட்டுக்குப் போனேன். கூட மணி. மணி எங்கள் நாட்டு நாய். பன்றி என்றால் பள்ளம் தாண்டிக்கூடத் துரத்திக்கொண்டு ஓடும். ஒரு தரம் விலா கிழிந்து வந்து தையல் போட்டும் புத்தி வராத ஜென்மம்.

ராத்திரி தண்ணி கட்டினவர்களுக்குத் தெரியும், ஒரு பாத்தி நிறைவதற்குள் எத்தனை கேட்கும், எத்தனை தெரியும் என்று. லைட்டைத் தரையோடு வைத்துப் பார்த்தால் புல்லில் பனித்துளி மாதிரி மினுமினுப்பது எல்லாம் பனி இல்லை. பாதிக்கு மேல் சிலந்தியின் கண். வண்டித் தடத்தில் சிவப்பாக ஒரு கங்கு தெரிந்தால் பக்கிக் குருவி உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூனைக்கும் நாய்க்கும் கண்ணுக்குள்ளே, பின்பக்கமாக, கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதுதான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனுசனுக்கும் கிடையாது. அதனால் பன்றி வந்தால் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்பணும். இதெல்லாம் தோட்டத்துக்கு வந்து ஏழெட்டு வருஷத்தில் பழகிக்கொண்டது. நமக்கு ராத்திரி அத்துப்படி ஆகிவிட்டது என்று ஒரு எண்ணமும் சேர்ந்தே வளர்ந்திருந்தது.

மணி இரண்டு இருக்கும். அமாவாசை கழிந்த பிறை பொழுதோடு மறைந்துவிட்டது. கிழக்கே தேள் நட்சத்திரக் கூட்டம் தலை தூக்கியிருந்தது. பாத்தி நிறையட்டும் என்று லைட்டை அணைத்துவிட்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்துப் பக்கம் ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. ஆள்காட்டி ராத்திரி கத்துவது புதிதில்லை. ஆள் போனாலும் கத்தும், பாம்பு போனாலும் கத்தும். கத்திக்கொண்டே ஆளோடு பறந்து வரும். இது கத்திக்கொண்டே இருந்து சட்டென்று நின்றது.

மணி பள்ளத்தைப் பார்த்து நின்றிருந்தது. குரைக்கவில்லை. ஓடவில்லை. பின்னாலேயே நடந்து வந்து என் காலோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பன்றியிடம் கிழிபட்ட அன்றைக்குக்கூட அது இப்படி நடுங்கவில்லை.

அப்புறம்தான் வாசனை. நனைந்த சாக்கை ஒரு வாரம் மூலையில் போட்டு எடுத்தால் வருமே, அந்த மாதிரி. காற்று பள்ளத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

லைட்டைப் போட்டேன். கிழக்குக் கம்பியோரம் நாற்பது தப்படியில் இரண்டு கண். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். கடலைக்கொடிக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தது, நம் நாய்களைவிட உயரம். அசையவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சிறுத்தை என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் சிறுத்தை நாயைத் தூக்குவதும் பட்டியில் ஆட்டைத் தூக்குவதும் வருஷத்துக்கு இரண்டு மூணு தரம் கேள்விப்படுகிற விஷயம். ஓடக் கூடாது, குனியக் கூடாது, முதுகு காட்டக் கூடாது என்று வனத்துறைக்காரர்கள் ஊர்க்கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. சத்தம் போடணும் என்றும் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. மண்வெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே மோட்டார் ரூமுக்கு நடந்தேன். எண்பது தப்படி தூரம். அறுபத்திமூணு வயதில் வரப்பு மேல் பின்னால் நடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மணி காலை விட்டு விலகவே இல்லை. இரண்டு தரம் அதன் மேலேயே மிதித்தேன்.

நான் நடக்க நடக்க அந்தக் கண்களும் கம்பியோரமாகவே நடந்து வந்தன. நான் நின்றால் நின்றது. கிட்டேயும் வரவில்லை, தூரமும் போகவில்லை. வாய்க்கால் திரும்புகிற இடத்தில் ஒரு தரம் அது பக்கவாட்டில் திரும்பியது. லைட் வெளிச்சம் அந்தத் தூரத்துக்குச் சரியாக எட்டவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்: முன்பக்கம் உயரம், பின்பக்கம் தணிந்து இருந்தது. பின்னங்காலை நொண்டுகிற மாதிரி நடந்தது. முதுகு மேல் ஏதோ துடைப்பம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு நொடியில் அது இரண்டு மடங்கு பெரிதானது போல் இருந்தது. பயத்தில் அப்படித் தெரிந்ததோ என்னவோ, அதையும் சொல்லத்தான் வேண்டும். வரி இருந்ததா, புள்ளி இருந்ததா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். தெரியலை.

மோட்டார் ரூம் படிக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். கால் ஓய்ந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவும் உட்கார்ந்தது. நாய் உட்காருகிற மாதிரி, முன்னங்காலை ஊன்றி. பிறகு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். செல்போனில் பார்த்தேன், இரண்டு ஐந்து. சிக்னல் இல்லை. எங்கள் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வேப்ப மரம் அதற்குப் பின்னால் இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து எனக்குக் குரல் வந்தது. விரட்டத்தான் வாயைத் திறந்தேன். "மணியாச்சு, இனிமே இன்னைக்கு முடியாதுங்க, நாளைக்கு வாங்க" என்று கவுன்ட்டரில் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. சிரிக்கலாம், நானே பிறகு சிரித்தேன். அதற்கப்புறம் என்னென்னவோ பேசினேன். என்ன வேணும் உனக்கு, எதுக்கு வந்தே, இங்கே ஆடு இல்லை, கோழியையும் அடைச்சாச்சு என்று. அது தலையை ஒரு பக்கம் சாய்த்தது. போகவில்லை.

அப்போதுதான் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. நாலு நாளைக்கு முன்னால் கழிச்சலில் ஒரு கன்று செத்துப்போய், தென்கிழக்கு மூலையில் தென்னைக்குப் பக்கத்தில் புதைத்திருந்தோம். மேலே இலந்தை முள் போட்டிருந்தோம். செத்த வாசனைக்குத்தான் வந்திருக்கிறது என்று மனசு ஒரு காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அது உட்கார்ந்திருந்தது குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பயம் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு கட்டத்தில் மடை ஞாபகம் வந்தது. பாத்தி நிறைந்து வரப்பு உடைத்துக்கொண்டிருக்கும், கரண்டு வீணாகப் போகிறது என்றுகூட யோசித்தேன். மணி மட்டும் நடுக்கத்தை விடவே இல்லை.

இரண்டு நாற்பதுக்குப் பேச்சுச் சத்தம் கேட்டது. தெற்கே பக்கத்துத் தோட்டம் மல்லிகை. பூ பறிக்கிற பெண்கள் தலையில் லைட் மாட்டிக்கொண்டு ஊரிலிருந்து எங்கள் கிழக்கு வரப்பு வழியாகத்தான் போவார்கள். மூணரைக்கு வருவதுதான் வழக்கம். அன்றைக்கு இரண்டு தோட்டம் ஒத்துக்கொண்டிருந்தார்கள் போல. பனிக்காலத்தில் பூ குறைச்சல், விலை அதிகம், ஆளுக்கும் கிராக்கி. நாலு வெளிச்சம் வரிசையாக வந்தது.

அது எழுந்தது. ஓடவில்லை. கம்பியை ஒட்டியே வடகிழக்கு மூலை வரை நடந்து, அங்கே முதுகைத் தாழ்த்திக் கம்பிக்கு அடியில் நுழைந்து, பள்ளத்தில் இறங்கிவிட்டது. சருகு நொறுங்குகிற சத்தம்கூட இல்லை.

"ஏனுங் சார், இன்னுமா தண்ணி கட்டறீங்க?" என்று முன்னால் வந்த அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக் காலைத் தூக்கித் தாண்டினார். தாண்டி நின்று, பின்னால் வருகிறவர்கள் தாண்டுவதற்காகக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டார். வாய்க்கால் தண்ணீர் வழிந்து அவர்கள் நின்ற இடம் சேறாகக் கிடந்தது. வெறுங்கால்.

"புதுசாக் கம்பி கட்டீருக்கறீங்களாட்டருக்குது" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒரு பெண், "நாய் ஒண்ணு போச்சுங்க" என்றது. மற்ற மூணு பேரும் எதையும் பார்க்கவில்லை.

அந்தப் பையன் வீட்டில் அன்றைக்குச் சாவு விழாமல் இருந்திருந்தால் என்று யோசித்துவிட்டு, விடிகிற வரை மோட்டார் ரூம் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூணு மணிக்கு நிறுத்துவதாக என் ஏற்பாடு. அவர்கள் வந்தது இரண்டு நாற்பது.

வெளுத்ததும் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் ஓரச் சேற்றில் தடம் இருந்தது. நாலு விரல், நுனியில் நகம் பதிந்திருந்தது. சிறுத்தை நடந்தால் நகம் பதியாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கரடிக்கு ஐந்து விரல். அப்படியானால் இரண்டும் இல்லை. முன்னங்கால் தடம் பெரிது, பின்னங்கால் தடம் சிறிது. ஆனால் ஈரச்சேறு தடத்தை விரித்துவிடும். அதோடு மணியும் அங்கே சுற்றியிருந்ததில் பாதித் தடம் கலைந்து கிடந்தது. வடகிழக்கு மூலையில் கம்பி முறுக்கியிருந்த இடத்தில் ஏழெட்டு முடி சிக்கியிருந்தது. விரல் நீளத்துக்கு மேல், முரடு, சாம்பலும் கறுப்பும். பன்றி முடியா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பன்றி முடி நுனியில் கவைத்திருக்கும். இது கவைக்கவில்லை. கன்றைப் புதைத்த இடத்தில் முள் போட்டபடியே கிடந்தது. ஒரு நகக்கீறல் இல்லை.

முடியை ஒரு பழைய கவரில் போட்டுத் தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி வைத்தேன். பழக்கதோஷம்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, "சிறுத்தையேதானுங்கண்ணா, அதுதான் உக்காந்து வேடிக்கை பாக்கும்" என்றார். நகத் தடத்தைச் சொன்னேன், அது மணியோடதாக இருக்கும் என்றார். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்து செல்போனில் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெரிய நாயிங்க சார்" என்றார். காட்டிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர் அவர், அவர் சொன்னதைத் தள்ளவும் முடியாது. நாய் என்றால் மணி ஏன் நடுங்கணும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பட்டி போட வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மாயாற்றுப் பக்கமெல்லாம் மாடு மேய்த்தவர். நான் நொண்டி நடந்ததாகச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நொண்டலீங்க. அதும் ஒடம்பே அப்படித்தான். முன்னங்காலு நெட்டை, பின்னங்காலு குட்டை. கழுதைப்புலிங்க சாமி."

கழுதைப்புலி எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் உண்டு. உடம்பில் வரி போட்ட சாதி. பயந்தாலோ சீறினாலோ முதுகு மயிரை நிறுத்தித் தன்னைப் பெரிதாகக் காட்டும். பெரும்பாலும் சத்தம் போடாது. செத்ததைத் தின்று எலும்பு வரை நொறுக்கி ஊரைச் சுத்தம் செய்கிற பிராணி. முன்பு மாடு செத்தால் ஊருக்கு வெளியே போடுவார்கள். கழுகும் இதுவும் பார்த்துக்கொள்ளும். மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி பாறு கழுகுகளைக் கொன்று தீர்க்கிறது என்று தெரிந்து 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அதற்குள் கழுகுகள் பெரும்பாலும் போய்விட்டன. செத்த மாட்டில் விஷம் வைக்கிறவர்களும் இருந்தார்கள், புலிக்கு என்று. அதைத் தின்று இதுவும் செத்தது.

பெரியவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. தடம், முடி, தணிந்த பின்பக்கம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் கழுதைப்புலி மனுஷனைக் கண்டால் ஒதுங்கிப் போகும் என்று அவரே சொல்கிறார். அப்படியானால் முப்பத்தைந்து நிமிஷம் எதிரே உட்கார்ந்திருந்தது எதற்கு? குழியைத் தோண்டாமல் போனது எதற்கு? "அதுக்கும் ஏதோ சோலி இருந்திருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் விளக்கம். கல்லூரியில் விலங்கியல் படிக்கிற என் நண்பர் மகன் தானியங்கிக் கேமரா ஒன்று கொண்டு வந்து பன்னிரண்டு ராத்திரி கட்டி வைத்தான். பன்றி, முள்ளம்பன்றி, காட்டுப்பூனை, மணி, தூக்கக் கலக்கத்தில் நான். அது வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் பையன் சொன்னபடி வந்தான். வேண்டாம் என்றேன். "பயந்துட்டீங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். ஐந்நூறை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றதும் அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். நேரடிக் கரண்டையும் சூரியசக்தி வேலியையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சூரியசக்தி வேலியில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்புகிறது. சுமார் ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொன்றும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல. வோல்ட் அதிகம், ஆனால் இடையில் இடைவெளி இருப்பதால் தொட்ட உயிர் சுரீரென்று விலகிவிடும். மோட்டார் ரூமிலிருந்து இழுக்கிற 230 வோல்ட் அப்படி இல்லை. விடாமல் ஓடும், தசையை இறுக்கும், பிடித்த கை விடாது. பன்றியா, யானையா, பூ பறிக்கிற பெண்ணா என்று அதற்குத் தெரியாது. எதிரே முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்த எனக்கே அது என்ன என்று தெரியவில்லை. 2003 மின்சாரச் சட்டப்படி அது மின்திருட்டு. விலங்கு செத்தால் 1972 வனவிலங்குச் சட்டம், ஆள் செத்தால் குற்ற வழக்கு. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கென்றே 2023-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. காட்டோரத்தில் சூரிய வேலி போடுகிறவர்களும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே போடுங்கள்.

என் பன்றிக் கணக்கு இதுதான். அந்தப் போகத்தில் மூணு மூட்டை போனது. எட்டு வந்தது. ராத்திரி காவலுக்கு ஆள் போட்டதில் லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த போகத்திலிருந்து கடலையைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடுகிறேன். கடலைக்கு இருபது நாள் முன்னால் ஊன்றினால்தான் காய் பிடிக்கிற சமயத்தில் மறைப்பாக நிற்கும். பள்ளத்துப் பக்கம் மட்டும் பழைய சேலை கட்டுகிறேன், பத்து நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றி. மாற்றாவிட்டால் பன்றி பழகிக்கொள்ளும். ஊர்ப்பன்றிச் சாணத்தைக் கரைத்து வரப்போரம் ஊற்றினால் கொஞ்ச நாள் தயங்குகிறது. மழை பெய்தால் மறுபடி ஊற்றணும். இதையெல்லாம் செய்தும் போன போகத்தில் ஒன்றரை மூட்டை போனது. அதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, அடங்கல் வைத்து, படத்தோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். சேதமான அன்றைக்கே தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். கொடி காய்ந்த பிறகு எடுத்த படத்தை வைத்து யாரும் எதையும் மதிப்பிட முடியாது.

கம்பியை அவிழ்த்துப் புடலைப் பந்தலுக்குப் போட்டாகிவிட்டது. பூ பறிக்கிறவர்கள் இன்னும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். என்னைக் கண்டால் அந்த அம்மா, "என்னுங் சார், உங்க நாயி மறுக்கா வந்துச்சுங்களா?" என்று கேட்கிறார். முடி கவரில் இருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று நண்பர் மகன் சொல்கிறான். கொடுக்கணும்.

கம்பி கட்ட நட்ட கிளுவைக் குச்சிகளில் வாய்க்கால் ஓரம் இருந்தவை எல்லாம் துளிர்த்து இப்போது ஆள் உயரம் நிற்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் வடக்குப் பக்கம் இன்னும் இரண்டு வரிசை போடப் போகிறேன். எனக்குப் போக மிச்சம் இருக்கும். போத்து வேண்டும் என்கிற தோழர்கள் ஆவணிக்குள் சொல்லிவிட்டு வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.